காளான் குழுவின் பதில்

பூட்ஸைக் கழற்றி, பையிலிருந்து கம்பளிச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் யர்மிலா மடிக்கணினியைத் திறப்பார். செக் நாட்டின் பிர்னோ நகரில் எங்கள் கணினிச் சங்கத்து அறையில் மற்ற எல்லோரும் பூட்ஸோடுதான் திரிவோம். கேட்டால், "வீட்டுக்குள்ள யாராச்சும் பூட்ஸோட நடப்பாங்களா?" என்பார். வார நாட்களில் டிராம்களுக்குக் கால அட்டவணை போடுபவர். சனிக்கிழமை வேலை சம்பளமில்லாதது; அதில்தான் கண்டிப்பு அதிகம்.

நாங்கள் உருவாக்கும் இலவச லினக்ஸ் இயங்குதளம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியாகும். அதற்கு முன் 'ஃப்ரீஸ்' வரும். அன்றிலிருந்து புதிதாக எதையும் உள்ளே விட மாட்டார்கள். படங்களைத் திறக்கப் பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் லைப்ரரி என்ற நிரல் தொகுப்பு ஒன்றின் புதிய பதிப்பை ஃப்ரீஸுக்கு முன் ஏற்றிவிட யர்மிலா ஒரு வருடமாகத் திட்டம் போடுகிறார். அதை நம்பி அறுபத்து நான்கு புரோகிராம்கள் இருக்கின்றன. ஒன்று மக்கர் செய்தாலும் இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்பவருக்கு யர்மிலாவிடமிருந்து மின்னஞ்சலில் தனிக் கடிதம் போகும். பதில் இல்லாவிட்டால் இரண்டாவது. மூன்றாவதில் சோம்பேறி என்று எழுத மாட்டார். "தங்கள் உடல்நலம் குறித்துக் கவலையாக உள்ளது" என்று எழுதுவார். அதன் சூடு வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். நான் வாங்கியிருக்கிறேன்.

இந்த முறை அறுபத்து மூன்று சரியாகிவிட்டன. மிச்சம், காட்டில் பறித்த காளான்களைப் படத்தோடு குறித்துவைக்கும் ஒரு குட்டிப் புரோகிராம். பொறுப்பு 'காளான் குழு' என்றிருந்தது. மூன்று கடிதத்துக்கும் மூச்சில்லை; ஃப்ரீஸுக்கு ஆறே நாள். வெளியீட்டைக் கவனிக்கும் ராதிம், அதைத் தூக்கிக் கடாசிவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னார்.

"உடையவங்கள ஒரு வார்த்தை கேக்காம நான் எதையும் வெளிய தள்ளினதில்லப்பா," என்றார் யர்மிலா. பிறகு கசகசா பன்னைக் கடித்தபடி, பதில் எழுதினால் கை தேய்ந்துவிடுமா இந்தக் கூட்டத்துக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே நான்காவது கடிதத்தைத் தொடங்கினார்.

பாவமாக இருந்தது. அந்தக் குழுவில் யார் யார் என்று பழைய பதிவுகளைத் தோண்டினேன். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் மூன்று மாணவர்கள் தொடங்கியது. இருவர் எப்போதோ விலகியிருந்தார்கள்.

"கோபப்படாம பாருங்க," என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன். மிச்சமிருந்த ஒரே பெயர் யர்மிலா.

கல்லூரியில் ஒருவனுக்காகச் சேர்ந்த குழுவாம். அவனோடு சேர்த்துக் காளானையும் மறந்துவிட்டார். குழுவுக்குப் போன கடிதங்கள் எல்லாம், அவர் திறந்தே பார்க்காத அந்தக் காலத்து மின்னஞ்சல் பெட்டியில் குவிந்து கிடந்தன.

ராதிம் சிரித்த சிரிப்பில் தேநீர் மேசையெங்கும் சிந்தியது. யர்மிலாவுக்குக் காது சிவந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து காளான் புரோகிராமில் நான்கு வரிகளை மாற்றினார். ஓடியது. லைப்ரரியை ஏற்ற ராதிம் அங்கேயே அனுமதி கொடுத்தார். எனக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது.

நாங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். யர்மிலா செருப்பைக் கழற்றவில்லை. அந்தப் பழைய பெட்டியைத் திறந்து, மூன்றாவது கடிதத்துக்குக் கீழே தட்டத் தொடங்கினார்: "மதிப்பிற்குரிய யர்மிலா அவர்களுக்கு, தாமதத்துக்கு மன்னிக்கவும். உடல்நலத்துக்குக் குறைவில்லை."