கடைசி ஏழு நாட்கள்

அலுவலகத்தில் அவளுக்கு மணிக்கூண்டு என்று பெயர். யாராவது 'இப்பத்தான் வந்தேன்' என்றால், 'இப்பன்னா எத்தனை மணி?' என்று கேட்பாள். அதனால் வந்த பெயர். வீட்டிலும் இதே கதைதான். பேருந்து ஓட்டும் கணவர் போனில் 'இதோ வந்துட்டேன்' என்றால் நாற்பது நிமிடம் என்று எடுத்துக்கொண்டு அடுப்பை அணைத்துவிடுவாள்.

ஊரில் இருக்கும் அடுக்குமாடிகளின் லிப்டுகளைக் கண்காணிக்கிற கம்பெனி அது. நானூற்றுப் பதினாறு லிப்டுகள். ஒவ்வொன்றும் தான் ஏறியதையும் இறங்கியதையும், கதவு திறந்ததையும் ஒரு வரியாக எழுதி அனுப்பும். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அந்த வரி சிவப்பாக வரும், மணி அடிக்கும். அவள் ஆள் அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதுதான் வேலை, இப்போது காலை ஆறு முதல் இரண்டு வரை. கண்ணில் எரிச்சல், கழுத்தில் பிடிப்பு. கம்பெனி மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தின் லிப்டு ஓடி வெகு காலமாகிறது.

அந்தத் திங்கட்கிழமை சுவரில் இருந்த பெரிய திரையில் சிவப்பு எதுவும் வரவில்லை. அவள் எழுந்து போகவும் இல்லை. ஷிப்டு முடியும் முன் வழக்கம்போல 'கடைசி எட்டு மணி நேரம்' என்று போட்டுத் தேடினாள். ஒரு சிவப்பு வரி இருந்தது. நேரம் பத்து பன்னிரண்டு. அப்போது மணி ஒன்று நாற்பது.

விசாரித்தால், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தர் காய்கறிப் பையோடு நாற்பது நிமிடம் உள்ளே நின்றிருக்கிறார். காவலாளிதான் கதவை நெம்பித் திறந்திருக்கிறார். மயங்கிக் கிடந்த ஆசிரியை தெளிந்து இப்போது நன்றாக இருக்கிறார், ஆனால் அவர் மகன் புகார் கொடுத்துவிட்டான்.

வரியைக் கண்டுபிடித்துச் சொன்னது அவள்தான். அதுவே அவளுக்கு வினையானது.

"பதிவுல பத்து பன்னிரண்டுன்னு இருக்கு. நீங்க நாற்காலியில இருந்திருக்கீங்க. அப்புறம் எப்படிம்மா பார்க்காம இருந்தீங்க?" என்றார் மேலாளர்.

"திரையில வரலை சார்."

"போன தடவை அந்தம்மாவும் இதையேதான் சொன்னாங்க."

அந்தம்மா என்றால் சீனியர். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இதே நாற்காலி, இதே மாதிரி ஒரு சிவப்பு வரி. தூங்கிவிட்டார் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று இரண்டு மணிக்கு ஷிப்டு மாறி வந்து, தேடி, 'இதோ இருக்கே சார்' என்று அந்த வரியைக் காட்டியது மணிக்கூண்டு.

அடுத்த திங்கள் ஒன்பது மணிக்கு விசாரணை என்றார்கள். அந்த ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மகளின் கல்லூரி, கணவரின் முதுகுவலி, எல்லாம் மனசில் வந்து வந்து போயின. நான்காம் நாள் அந்த வரியை அழுத்திப் பார்த்தபோதுதான் அதற்குள் இன்னொரு நேரம் இருப்பது தெரிந்தது. லிப்டு எழுதிய நேரம் பத்து பன்னிரண்டு. இங்கே வந்து சேர்ந்த நேரம் பத்து ஐம்பத்தொன்று. இடையில் அந்தக் கட்டடத்தில் நெட்வொர்க் செத்துக் கிடந்திருக்கிறது. சுவர்த் திரை நேரலை. அது கடைசி ஐந்து நிமிடத்தில் லிப்டு எழுதியதை மட்டும்தான் காட்டும். பத்து ஐம்பத்தொன்றுக்கு வந்து சேர்ந்த பத்து பன்னிரண்டு அதற்குப் பழைய சங்கதி. காட்டாமல் விட்டுவிட்டது.

'கடைசி ஏழு நாட்கள்' என்று தேடி, அந்த லிங்கைச் சேமித்து வைத்தாள். அன்றுதான் கொஞ்சம் தூங்கினாள்.

விசாரணை நாளில் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது செல்போனில் திறந்து பார்த்தாள். வரி இருந்தது. மேலாளர் பதினொன்றுக்குத்தான் வந்தார்.

"டிராபிக்," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். "எங்கே, காட்டுங்க."

திறந்தாள். எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது.

மறுபடி திறந்தாள். அதேதான்.

"என்னம்மா இது, கண்கட்டு வித்தையா?" என்றார் மேலாளர். பக்கத்தில் இருந்த இன்ஜினியர் மேசையைப் பார்த்துச் சிரித்தான்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து. கடைசி ஏழு நாட்கள் என்றால் போன திங்கள் பதினொன்று ஐந்திலிருந்து. இவர் வரக் காத்திருந்த நேரத்தில் அந்த வாரமும் கூடவே நகர்ந்துவிட்டது. பத்து பன்னிரண்டு வெளியே போய்விட்டது. ஊரையெல்லாம் மணி கேட்கிறவள், இதைக் கோட்டை விட்டிருக்கிறாள்.

"ஒரு நிமிஷம் சார்."

கடைசி ஏழு நாட்களை அழித்தாள். இரண்டு முறை தப்பாக அடித்தாள். போன திங்களின் தேதி, பத்து மணி முதல் பதினொரு மணி வரை. சிவப்பு வரி வந்து நின்றது. அழுத்தினாள். இரண்டு நேரமும் தெரிந்தன. இன்ஜினியர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆமா சார். இது லேட்டாதான் வந்திருக்கு. நேரலையில விழுந்திருக்காது."

"அப்ப நெட்வொர்க் கோளாறுன்னு எழுதிடலாம்," என்றார் மேலாளர். "நீங்க இனிமே அரை மணிக்கொரு தரம் தேடியும் பார்த்துடுங்க. திரையை மட்டும் நம்பாதீங்க."

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, ஒரு டீயும் இல்லை.

நாற்காலிக்குத் திரும்பினாள். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது, உடம்பு ஒத்துழைக்கவில்லை. சீனியரின் அந்தச் சிவப்பு வரி வந்த வருடத்தைப் போட்டுத் தேடினாள். பதிவுகள் முப்பது நாள்தான் இருக்கும் என்று வந்தது.

மாடிப்படியில் நின்று போன் போட்டாள். சீனியர் இப்போது மருந்துக் கடையில் இருக்கிறார்.

"யாரு, மணிக்கூண்டா? சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுதுடி?"

நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.

"அன்னைக்கு நீங்க தூங்கலைக்கா."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்." இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார். "உனக்கு எத்தனை மணிக்குத் தெரிஞ்சுது?"

"பதினொன்னே கால்."

"பரவாயில்லை. சரியாத்தான் சொல்றே."

"அக்கா, என்கிட்ட ஆதாரம் எதுவும் இல்லை. எல்லாம் அழிஞ்சுபோச்சு. ஆனா எப்படி நடந்திருக்கும்னு எழுதிக் குடுக்கறேன், கையெழுத்துப் போட்டு."

"குடுத்தா?"

"தெரியலை."

"சரி, எழுது."

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். 'இரண்டு வருடங்களுக்கு முன்பு' என்று ஆரம்பித்து, அங்கேயே நின்றாள்.

"அக்கா, அது என்னைக்கு?"

"ஜூன் பதினெட்டு. செவ்வாய்க்கிழமை. காலையில ஏழு நாற்பது."

யோசிக்கக்கூட இல்லை அவர். மணிக்கூண்டு எழுதியதை அடித்துவிட்டு, தேதியைப் போட்டாள்.