டிஸ்ட்ரிபியூட்டருக்கு வைத்த பொட்டு

சிங்கப்பூரில் ஏது குளிர் என்று சிரிப்பவர்கள் டிசம்பர் மாதத்தில் இங்கே நாலு நாள் இருந்து பார்க்க வேண்டும். மழை விடாமல் பெய்து சுவரெல்லாம் ஓதம் ஏறியிருக்கும். காலையில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் உடம்பு தூக்கிப் போடும். அந்த மாதிரிக் காலைகளில்தான் ஒரு வருடம் என் கார் மக்கர் பண்ணியது. வெயில் நாளில் சமர்த்தாகக் கிளம்புகிற வண்டி, மழை பிடித்துவிட்டால் எத்தனை தடவை சாவியைத் திருப்பினாலும் இருமிவிட்டு அடங்கிப் போகும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை. கார் மூன்று கை மாறி வந்த பழைய இங்கிலீஷ் கார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் கடற்கரைக்குப் போய்வர வாங்கியது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. காரைத்தான் அவள் சீராட்டினாள்.

அந்த வருடம் ஆயுத பூஜையன்று சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு சந்துக்கு வந்தாள். ஸ்டீயரிங், விளக்குகள், நான்கு சக்கரங்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, எஞ்சினை மூடியிருக்கும் பானட்டையும் திறக்கச் சொன்னாள்.

"இதுக்கு இதயம் எதுங்க? அதுக்கு வைக்கணும்."

எனக்கு அவளைச் சீண்டாமல் இருக்க முடியாது. நாலு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடியைக் காட்டினேன். "இதான்லா. இது நின்னா எல்லாம் நின்னுரும்."

அவள் சிரிக்கவில்லை. மூடியில் வயர்கள் செருகியிருக்கும் இடுக்கெல்லாம் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

தீபாவளி கழிந்து இரண்டாவது வாரம் காய்ச்சலில் படுத்தாள். ஐந்தே நாளில் போய்விட்டாள்.

சேலைகளை அவள் அக்கா எடுத்துப் போனார். வீட்டைக் கழுவிவிட்டார்கள். சக்கரத்துப் பொட்டுகளை மழை கொண்டுபோயிற்று. ஸ்டீயரிங்கில் இருந்ததை என் உள்ளங்கையே தேய்த்துவிட்டது. பானட்டுக்கு அடியில் இருந்த அந்த ஒரு பொட்டு மட்டும் தப்பியது. அதன் ஓரத்தில் அவள் விரல் ரேகை காய்ந்து பதிந்திருந்தது. வேலை விட்டு வந்ததும் பானட்டைத் தூக்கி அதைப் பார்ப்பேன். பக்கத்துக் கடைக்காரர் நான் எஞ்சினைப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார். எனக்குப் பேச வேறு யாரும் இல்லை.

கேலாங்கிலிருந்து மச்சான் வந்தார், அவளுடைய அண்ணன். "ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு மாப்ளே காரு? மழை பேஞ்சா ஸ்டார்ட் ஆகாத வண்டி. பொங்கலுக்குள்ள சரியாகலேன்னா நானே ஆளக் கூட்டிட்டு வந்து வித்துடுறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. கார் போனால் பொட்டும் போகும். அதை வெளியில் சொல்ல முடியுமா?

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினேன். பிளக் நாலையும் மாற்றினேன். பெட்ரோல் குழாயை ஊதிச் சுத்தம் செய்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் கை கொண்டுபோகவில்லை, பொட்டு உதிர்ந்துவிடுமே என்று. மறுநாளும் மழை. கார் அதே இருமல்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, காலைத் தூறலில் இரண்டு பேரைப் பிடித்துக் காரைத் தள்ளிக்கொண்டே ஜாலான் புசார் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். என் வயதுதான் இருக்கும். வண்டி எந்த நேரத்தில் படுத்துக்கொள்கிறது என்று கேட்டார். மழைக் காலையில் என்றேன். உடனே பட்டறையின் தகரக் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே கும்மிருட்டு.

"நான் சாவியத் திருப்புறேன். நீங்க எஞ்சினப் பாருங்க அண்ணே. கைய வச்சுடாதீங்க."

பார்த்தேன். அவர் திருப்பியதும் ஊசி நூல் மாதிரி ஒரு நீல வெளிச்சம் வயர் அடியிலிருந்து கிளம்பி, சந்தனத்தின் மேல் ஊர்ந்து, குங்குமத்தைச் சுற்றிப் படபடவென்று வெடித்தது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரமெல்லாம் அவள் வைத்த பொட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"எதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல," என்றேன்.

அவர் விடவில்லை. "சத்தம் கேக்குதே," என்று இறங்கி வந்து, என்னைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒரே நொடிதான். கதவைத் திறந்துவிட்டார்.

"பூசை போட்டீங்களா? சந்தனம் ஈரத்த இழுத்து வச்சுக்குது. கரண்ட்டு அது வழியா ஓடிருது. வெயில்ல காஞ்சுட்டா சரியாயிரும். வேற கோளாறே இல்லண்ணே, தொடச்சா போதும்."

பெட்ரோலில் நனைத்த துணியை எடுத்தவர், மூடிக்குக் கிட்டே போய்க் கையை இழுத்துக்கொண்டார். "உங்க சாமி சமாச்சாரம். நான் தொடுறது மொறயில்ல. நீங்களே தொடச்சிருங்க."

மறுக்க என்ன காரணம் சொல்வேன்? துணியை வாங்கினேன். முதல் இழுப்பில் குங்குமம் கரைந்து பரவியது. இரண்டாவதில் ரேகை போயிற்று. இடுக்கில் இருந்ததை அவர் கொடுத்த குச்சியால் சுரண்டினேன். மூடி புதிதுபோலக் கறுப்பாகப் பளபளத்தது. துணியை அவர் வாங்கித் தம் கையைத் துடைத்துக்கொண்டு மூலையில் போட்டார்.

வெளியே மழை வலுத்திருந்தது. சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது. கிளம்பாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

மெக்கானிக்குக்கு ஒரே சந்தோஷம். வண்டி வாசலைத் தாண்டியதும் கூடவே வந்து, மழையில் நனைந்தபடி ஜன்னல் பக்கம் குனிந்து சொன்னார். "அடுத்த வருசம் பானட்டுக்கு மேல வைக்கச் சொல்லுங்கண்ணே. வீட்ல சொல்லி வைங்க."

"சொல்றேன்," என்றேன்.