குரூப்பில் போட்டேன், அண்ணாச்சி

எனக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. போன் பேசினாலும் நடந்துகொண்டேதான் பேசுவேன். அந்த வாரம் தென்காசியில் எங்கள் அலுவலக மாடிப்படியை எத்தனை தடவை ஏறி இறங்கினேனோ, என் முழங்காலைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் கம்பெனி செய்து விற்பதே, வேலைகளைத் திட்டமிடும் மென்பொருள்தான். எது முடிந்தால் எது தொடங்கும், யார் பொறுப்பு என்பதெல்லாம் கட்டம் கட்டமாகத் திரையில் தெரியும். சென்னையில் பத்து வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள் நான். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்?

மாடி அலுவலகத்துக்கு லிஃப்ட் போடும் வேலை என் தலையில் விழுந்தது. காரணம் ஒரு பெண். மென்பொருளில் பிழை கண்டுபிடிக்க ஆள் எடுத்தோம். வீடியோவில் வைத்த தேர்வில் மற்றவர்கள் ஐந்தாறு பிழை பிடித்த இடத்தில் இவள் பதினேழு பிடித்தாள். ஆய்க்குடிக்காரி, சக்கர நாற்காலியில் இருப்பவள். வாடிக்கையாளரின் தகவல்கள் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது ஒப்பந்தம், அதனால் வீட்டிலிருந்து பார்க்க முடியாது. "அடுத்த திங்கக்கிழம வேலைய ஆரம்பிச்சிரணும். இல்லன்னா அடுத்த ஆள எடுத்துருவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். முதல் வேலை அவளுக்கு. லிஃப்ட் வரவில்லை என்றால் அதுவும் போய்விடும்.

லிஃப்டைப் பொருத்தியாகிவிட்டது, மிச்சம் இரண்டு வேலைதான். நான் எங்கள் மென்பொருளிலேயே கட்டம் போட்டேன். புதன்கிழமை எலெக்ட்ரீசியன் அண்ணாச்சி லிஃப்டுக்கு மின்சார லைன் இழுப்பார். வியாழக்கிழமை திருநெல்வேலியிலிருந்து லிஃப்ட்காரர் வந்து ஓட்டிக் காட்டுவார். திங்கள் காலை லிஃப்ட்காரர் போன் செய்து, தான் புதன்கிழமையே வருவதாகச் சொன்னார். அதற்கென்ன, லைன் வேலையைச் செவ்வாய்க்கு நகர்த்தினேன், வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அண்ணாச்சி பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது. கட்டத்துக்குப் பச்சை அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

புதன் காலை லிஃப்ட்காரர் வந்து நிற்கிறார், லைன் இல்லை. பதினொரு மணி வரை காத்திருந்தார். "இனி அடுத்த வாரம் சனிக்கிழமதான் மேடம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் பறந்தேன். பறந்தேன் என்பது பேச்சுக்கு. சீசன் கூட்டத்தில் கார்களுக்குப் பின்னால் ஊர்ந்தேன், சாரலில் நனைந்து திட்டிக்கொண்டே. ஒரு லாட்ஜ் வாசலில், ஏணி மேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார் அண்ணாச்சி.

"நேத்தே லைன் இழுக்கணும்னு சொன்னேம்லா அண்ணாச்சி?"

"எங்கிட்ட யாரு சொன்னா? புதன்கிழமதான பேச்சு? இத முடிச்சுட்டு மத்தியானம் வாரதாத்தான் இருந்தேன்."

"குரூப்பில் போட்டேன், அண்ணாச்சி. நீங்களும் பாத்திருக்கிய."

"பாத்தேன். பாத்தா? பொதுவுல போட்டா எனக்குச் சொன்னதாயிருமா?" என்று ஏணியிலிருந்தபடியே கேட்டார். "கல்யாணப் பத்திரிக்கைய செல்லுல அனுப்பிட்டு, ஏன் வரலன்னு சண்டைக்கு வந்த மாதிரில்லா இருக்கு. ஒரு போன் போட்டு, அண்ணாச்சி, செவ்வாக்கிழம வந்துருங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்த லைட்ட நாளைக்கு மாட்டிருப்பேன்."

சுருக்கென்றது. போன வருஷம் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் யாரும் போகவில்லை. பத்திரிகை போனில்தான் வந்தது. "நேர்ல வந்து கூப்பிடத் தெரியாதாக்கும்?" என்று வீட்டில் எல்லோரையும்விடச் சத்தம் போட்டவள் நான்தான்.

மறுநாள் மத்தியானத்துக்குள் அண்ணாச்சி லைனை இழுத்து முடித்துவிட்டார். லிஃப்ட்காரரை மட்டும் அசைக்க முடியவில்லை. வேறு ஆள் கிடைக்குமா என்று ஞாயிறு வரை பேயாய் அலைந்தேன். புத்திதான் வந்துவிட்டதே, புதுத் தேதியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டுச் சொன்னேன். அண்ணாச்சிக்கு, கட்டடச் சொந்தக்காரருக்கு, முதலாளிக்கு, வாட்ச்மேனுக்குக்கூட. "சரி, ஆனா திங்கக்கிழமங்கிறது மாறாது" என்றார் முதலாளி.

திங்கள் காலை ஒன்பதரைக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பின்னால் கட்டியிருந்த சக்கர நாற்காலியை டிரைவர் அவிழ்த்து விரித்தார். புதுச் சுடிதாரும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாக அவள் அதில் இறங்கி உட்கார்ந்தாள்.

"லிஃப்ட் எங்கனக்கா இருக்கு?"

நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன், அண்ணாச்சி திட்டியது உட்பட. "நாலு பேரு பிடிச்சா தூக்கிட்டுப் போயிரலாம்" என்றார் வாட்ச்மேன்.

"சாமானா நான், தூக்கிட்டுப் போக?" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. "வேலைய இங்கன கொண்டாரலாம்லாக்கா?"

எனக்கு ஏன் அது தோன்றவில்லை? ஓடினேன். கட்டடத்துக்குள்ளேயே, கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் பைக்குகளைத் தள்ளிவிட்டு மேசை போட்டோம். மடிக்கணினியும் ஒயரும் வந்து சேர்ந்தன. பழகிப் பார்க்கட்டும் என்று எங்கள் லிஃப்ட் திட்டத்தையே திறந்து கொடுத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"அக்கா, இதுல ஒரு பிழை இருக்கு."

"எங்க?"

"கரண்டு அண்ணாச்சி இருக்காவ, லிஃப்ட்காரர் இருக்காரு, வாட்ச்மேன்கூட இருக்காரு. என்னையக் காணோமே. லிஃப்ட் தள்ளிப்போச்சுன்னு எனக்குச் சொல்லணும்ங்கது எந்தக் கட்டத்துல இருக்கு?"

உட்காராத நான் பக்கத்திலிருந்த பைக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். யாருக்காக லிஃப்டோ, அவளுக்கு மட்டும்தான் நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அதை முதல் பிழையாக, அவள் பேரிலேயே பதிந்து முதலாளிக்கு அனுப்பச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே கீழே இறங்கி வந்தார். மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப வேலைய ஆரம்பிச்சாச்சா?" என்று அவளிடம் கேட்டார்.

"ஆரம்பிச்சாச்சு சார்."

"சரி, பாரும்மா" என்றுவிட்டு மேலே போனார். அவள் வேலை தப்பியது.

"வார சனிக்கிழம லிஃப்ட் வந்துரும்" என்று அவளிடம் சொன்னேன். "தள்ளிப்போனா மொதல்ல ஒனக்குத்தான் சொல்லுவேன்."

"போன் போட்டுச் சொல்லுங்கக்கா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "குரூப்புல போட்டுறாதிய."