சாகாத பூச்சியின் பிள்ளைகள்

மருந்து வேலை செய்தால் விவசாயியின் கைராசி, செய்யாவிட்டால் கடைக்காரனின் கலப்படம். பூச்சி மருந்துக் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தூணுக்குப் பின்னால்

எட்டாவதோடு நின்றவன் நான். ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் கடை. பயிற்சிக்கு வந்தால்தான் உரிமம் என்று வேளாண்மைத் துறையில் சொல்லிவிட்டதால், வாரம் ஒரு நாள் திருப்பதிக்குப் போனேன். கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று தூணுக்குப் பின்னால் உட்காருவேன். பாடம் நடத்திய மேடம் ஒரு நாள் என்னையே எழுப்பினார். முன்பு வேலை செய்த மருந்துக்கு இப்போது பூச்சி ஏன் சாவதில்லை என்றார். பூச்சிக்கு மருந்து பழகிவிட்டது என்றேன். இருபத்திரண்டு வருஷமாக வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லிவந்த பதில் அது.

மேடம் சிரிக்கவில்லை. ஒரு கூட்டத்தில் எல்லாப் பூச்சியும் ஒன்றுபோல் இருக்காது, ஒன்றிரண்டு பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் என்றார். பெரியவர்களைத் தெலுங்கு வழக்கப்படி பெத்தாயனா என்பார். "பழகல, பெத்தாயனா. சாவுறது செத்துப்போச்சு. சாவாதது பிள்ளை பெத்துக்கிச்சு."

ஒரு மூடி கூட

என் வாடிக்கையாளர் முனிரத்தினம் குத்தகை நிலத்தில் கத்திரி வைத்திருந்தார். காய்ப்புழு. இந்தப் போகமும் போனால் நிலத்தை வேறு ஆளுக்கு விடுவதாக நிலக்காரர் சொல்லிவிட்டார். நம் பக்கத்தில் டப்பாவில் போட்ட அளவுக்கு மேல் ஒரு மூடி ஊற்றாவிட்டால் மனசு ஆறாது. அவர் இரண்டு மூடி ஊற்றியும் புழு சாகவில்லை. இன்னும் கடுமையான மருந்து கேட்டு வந்தவரிடம், மேடம் சொன்னதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அப்போ நல்ல பூச்சியெல்லாம் சாவடிச்சுட்டு, ரவுடிங்கள மட்டும் என் தோட்டத்துல வளத்துக்கினு இருந்தோமாண்ணா?"

வீட்டு வரிசை

காய்கறி போடுகிறவர்கள் வீட்டுச் சமையலுக்கென்று ஓரத்தில் ஒரு வரிசையை மருந்தடிக்காமல் விடுவார்கள். முனிரத்தினத்துக்கு அந்த வரிசைமேல்தான் கோபம். புழு அங்கிருந்துதான் வருகிறது, அதையும் அடிக்க வேண்டும் என்றார். அவர் மனைவி செல்வி விடவில்லை. இரண்டு பேரும் கடைக்கே வந்துவிட்டார்கள்.

அந்த வரிசைப் பூச்சி மருந்தைப் பார்க்காதது. அது ரவுடியோடு சேர்ந்தால் பிள்ளைகள் பெரும்பாலும் மருந்துக்குச் சாகும். அதையும் அழித்தால் ரவுடிக்கு ரவுடிதான் ஜோடி என்று, அடுத்த வகுப்பில் மேடம் சொல்லியிருந்ததைச் சொன்னேன். ஒரு வரிசை போதுமா என்பது எனக்கே நிச்சயமில்லை, அதையும் சொன்னேன். இந்தப் போகம் மருந்தே வேண்டாம், வாடிய குருத்தையும் சொத்தைக் காயையும் கிள்ளிப் புதைத்துவிடுங்கள் என்று அனுப்பினேன். செல்வி தினமும் கிள்ளினார். பாதிக் காய் சொத்தைதான். மீதி சந்தைக்குப் போனது, நிலம் கையை விட்டுப் போகவில்லை.

அடுத்த போகத்தில் அதே பழைய மருந்து, டப்பாவில் போட்ட அளவு மட்டும். புழு செத்தது. அதைச் சொல்ல வந்தவர் செல்விதான்: "அவரு வளத்தது ரவுடிங்க. நான் வளத்தது பொண்ணு குடுத்து அதுங்கள அடக்கிச்சுண்ணா."

ஒரு போகம் முழுக்க என்னிடம் மருந்தே வாங்காத வீட்டில்தான் என் மருந்துக்கு நல்ல பேர் கிடைத்தது.