குழாயில் நேராக நின்ற படகு

போன வருஷம் ஆவணி மாதம், அமாவாசைக்கு முந்தைய இரண்டு விடியல்களில், மரக்காணத்தை அடுத்த ஒரு மீனவக் குப்பத்தில் நடந்தது இது.

எனக்குக் கிரகப் பைத்தியம். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சின்ன தொலைநோக்கியை வைத்துக்கொண்டு வியாழனின் நிலவுகள், சனியின் வளையம், செவ்வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று. விழுப்புரத்தில் பி.எட். வகுப்பில் இருக்கும்போதும் மேகம் வருகிறதா என்று ஜன்னலைத்தான் பார்ப்பேன். புதன் மட்டும் சிக்கவே இல்லை. சூரியனை ஒட்டியே சுற்றுவதால், விடிவதற்கு முன் அடிவானத்தில் கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டு வெளிச்சத்தில் கரைந்துவிடும். எங்கள் மாடியில் நின்று கிழக்கே பார்த்தால் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். கடற்கரைதான் வழி என்று மாமாவின் பைக்கை வாங்கிக்கொண்டு இருட்டோடு கிளம்பிவிட்டேன்.

முதல் நாள், ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் தொலைநோக்கியை வைத்தபோது, பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

“இன்னாப்பா, பீரங்கி எடுத்தாந்துகிற? எந்த ஊரு மேல சண்டை?”

புதன் பார்க்க வந்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னிக்கி வியாழக்கெழம. புதன் நேத்தே பூட்ச்சி தம்பி” என்றார். அடிவானத்தில் மேகம் அடைத்திருந்தது. அதனால் மேலே இருந்த தேய்பிறையைக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இன்னாப்பா இது? வெறுங்கண்ணுல படகு மாரி நேராகிது. இதுல கவுந்து கெடக்குது.”

“இந்தக் கண்ணாடி அப்படித்தாண்ணா, எல்லாத்தையும் தலைகீழாதான் காட்டும். வானத்துல மேல, கீழன்னு ஒண்ணும் கிடையாது. அதனால பரவாயில்ல” என்றேன். ரொம்பப் பெருமையாகத்தான் சொன்னேன்.

“அப்ப அங்கயே போயி மீன் புடிக்கலாம் போலகீதே. கவுந்தாலும் பேஜாரு இல்ல.”

தூரத்தில் கருவாட்டைப் பரப்பிக்கொண்டிருந்த அவர் மனைவியைக் கூப்பிட்டார். “ஏய், வந்து நெலாவ பாத்துட்டுப் போ.”

“நெலா எங்க ஓடப்போவுது? எனக்கு வேல கெடக்குது” என்றார் அந்த அக்கா, திரும்பாமலே.

மறுநாளும் வருவதாகச் சொன்னேன். அவரோ, அன்று ராத்திரி கூடப்பிறந்த தம்பியோடு கடலுக்குப் போய்விட்டு விடிய வந்துவிடுவேன், அதற்கடுத்த நாள் அமாவாசைக்குக் குடும்பத்தோடு மேல்மலையனூர் போகிறோம் என்றார். “நான் வர்றதுக்குள்ள உன் புதன புடிச்சி வையி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி திண்டிவனத்தில் திடீரென்று பெருங்காற்று. இடி, கொஞ்சம் மழை. பிறகு வானம் கழுவிவிட்டது போல் ஆனது. எனக்கு மேகம் கலைந்ததே என்ற சந்தோஷம்தான். அந்தக் காற்று கடலிலும் அடித்திருக்கும் என்று ஒரு தரம்கூடத் தோன்றவில்லை.

கரைக்குப் போனபோது குப்பமே அங்கே நின்றது. மற்ற படகுகள் திரும்பிவிட்டன. அந்த அண்ணனுடையது மட்டும் வரவில்லை. இருட்டில் எந்தப் பக்கம் தேடுவது என்று வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். கிழக்கே வெள்ளியும் வியாழனும் பளிச்சென்று இருந்தன. நான் தொலைநோக்கியை வெளியே எடுக்கவே கூசிப்போய் நின்றேன்.

வெளுக்கத் தொடங்கியதும் கடலில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. கட்டையா, படகா என்று சொல்ல முடியவில்லை. அந்த அக்கா நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, உன் கொழாய்ல அது தெரியுமா?”

பெட்டியைக் கவிழ்த்து, தொலைநோக்கியை வைத்துத் திருப்பினேன். அலையில் புள்ளி நழுவி நழுவிப் போனது. நான் சரியாகப் பார்ப்பதற்குள் அவரே குனிந்து கண்ணை வைத்தார்.

“படகுதான். எங்க படகுதான். நீலத்துல செவப்புக் கோடு.” கண்ணை எடுக்காமலே கத்தினார். “நேராதான் நிக்குது. ஒண்ணும் ஆவல, நேராதான் நிக்குது.”

கரையெல்லாம் மூச்சு விட்டது. யாரோ கடலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அந்த அண்ணனின் சித்தப்பா, வயதானவர், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, “இஞ்சின் பூட்டிருக்கும். அலை கொஞ்சம் அடங்கட்டும், போயி கட்டி இழுத்துக்கினு வந்துரலாம்” என்றார். படகைத் தள்ளக் கை வைத்தவர்கள் கையை எடுத்தார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம், எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நடுவில் அந்தப் படகு, அடிப்பாகம் கீழே இருக்க, அழகாக, நேராக மிதந்துகொண்டிருந்தது.

அந்தக் குழாயில் எது நேராகத் தெரிந்தாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கரையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்த இன்னொருவர் அந்தப் படகில் போயிருந்தார்.

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே சிரிக்கும் முகம். அதைப் பார்த்தால் வாய் வராது என்று மணலைப் பார்த்தபடி சொன்னேன்.

“அக்கா, இதுல எல்லாமே தலைகீழாதான் தெரியும்.”

“அப்டின்னா?”

உள்ளங்கையைக் குழித்துக் காட்டினேன். பிறகு அதைக் கவிழ்த்தேன்.

அவர் கடல் பக்கம் திரும்பினார். சத்தம் போட்டது அந்தச் சித்தப்பாதான். “தள்ளுங்கடா, ஜல்தி, தள்ளுங்கடா.” அலையைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. இரண்டு படகுகள் போயின. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் புள்ளியை விடாமல் பார்ப்பதுதான்; பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தம்பியை மட்டும் கொண்டுவந்தார்கள். கவிழ்ந்த படகின் மறுபக்கம் கயிற்றில் கையைச் சுற்றிக்கொண்டு கிடந்தாராம். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அவரும் இல்லை என்றார்கள். உடம்பெல்லாம் வெடவெடக்க, “வெளுக்கிற வரைக்கும் அண்ணன் பேசிக்கினுதான் இருந்தான் சித்தப்பா” என்று அந்தச் சித்தப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். வெயில் ஏறியபோதுதான், நான் பார்க்காமலே புதன் வந்து போய்விட்டது என்று ஞாபகம் வந்தது. அமாவாசை கழிந்த பிறகு, தெற்கே வேறொரு ஊரில் அந்த அண்ணன் கரை ஒதுங்கினார்.

காரியத்துக்குப் போனேன். உள்ளே போகத் தயங்கி வாசலிலேயே நின்றேன். அந்த அக்காவே வெளியே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கொழுந்தனாவது கிடைத்தாரே என்பார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை.

“கொஞ்ச நேரம் நேராதான் நின்னுச்சி தம்பி” என்றார். “நான் பாத்தேன்.”

இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு நிலாவும் சனியும் காட்டுகிறேன். ஏன் சார் தலைகீழாக இருக்கிறது என்று கேட்காத பிள்ளையே இல்லை. வானத்தில் மேல், கீழ் கிடையாது என்ற பழைய பதிலைத்தான் சொல்கிறேன், அது உண்மையும்கூட. ஆனால் அதை அவர்கள் கேட்கும் வரை இப்போதெல்லாம் நான் காத்திருப்பதில்லை. யாரும் குனிந்து கண்ணை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், சொல்லும்போது என் உள்ளங்கை தானாகக் கவிழ்ந்துகொள்கிறது.