கப்பலைத் தடுத்த கீரைப் பாத்தி

ஏழு வயதில் நான் கப்பல் ஏறியிருக்க வேண்டியவள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தும் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு பிடி கீரை விதை.

அந்த வருஷம் அப்பாவின் ரயில் பட்டறையில் வேலை குறைந்துகொண்டே வந்தது. இந்தியாவுக்குத் திரும்ப நினைப்பவர்களுக்குக் கப்பல் இலவசம் என்றார்கள். போய்விடுவோம் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். அம்மா பிறந்தது இங்கேயே, கிள்ளான் பக்கத்து எஸ்டேட்டில். அப்பாவின் ஊரை அவள் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆனாலும் வர மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழை விட்டுத் தை பிறந்திருந்தது. வழக்கம்போல மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

"போற நேரத்துல இது எதுக்கு புள்ள?" என்றார் அப்பா.

"கீரைதானேங்க. ஒரு மாசத்துல பறிச்சிட்டுப் போயிடலாம்."

விதையோடு மணலைக் கலந்து தூவினாள். கீரை பறிக்கிற பருவத்துக்கு வந்தபோது பாத்தி ஓரத்தில் வெண்டை தலைகாட்டியது. அதை எப்போது ஊன்றினாளோ! பூவும் பிஞ்சுமாக நிற்கிற செடியை விட்டுவிட்டுப் போக அப்பாவுக்கு மனசு வராது. அவர் ஊரில் வெள்ளாமை பார்த்தவர். வெண்டை முடியட்டும் என்றார். வெண்டை முற்றுவதற்குள் புடலை கொடி வீசியிருந்தது. கொடி ஏறப் பந்தல் வேண்டாமா? முணுமுணுத்துக்கொண்டே அப்பாதான் மூங்கில் வெட்டி வந்தார். காய் சுருளாமல் நேராக இறங்கட்டும் என்று ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் சின்னக் கல்லாகத் தேடிக் கட்டியதும் அவரேதான்.

எனக்கானால் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த அம்மாவுக்குக் காய்கறிமேல் இப்படியும் ஒரு பேராசையா? சோற்றுக்குத் தினமும் புடலங்காய்க் கூட்டு வேறு. கப்பல் வந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டுத் தெருப் பிள்ளைகள் என் மானத்தை வாங்கினார்கள். அடுத்தது பூசணியா என்று பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு அப்பாலிருந்து அப்பாவைச் சீண்டுவார். அப்பா காதில் விழாதது மாதிரி கல்லைக் கட்டிக்கொண்டிருப்பார்.

ஒருவழியாகக் கடைசிப் புடலங்காயும் பறித்தாயிற்று. அம்மாவின் விதை டின்னில் ஒன்றும் மிச்சமில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு கொல்லைப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரே குஷி. என் கவுனை நானே மடித்து வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்த அப்பாவின் தோளில் ஒரு தென்னங்கன்று இருந்தது. சட்டையைக்கூடக் கழற்றாமல் குழி வெட்ட ஆரம்பித்தார். குவார்ட்டர்ஸ் நிலத்தில் போய்த் தென்னை வைக்கிறாரே என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"இது எப்பப்பா காய்க்கும்?" என்று கேட்டேன்.

அப்பா நிமிராமலே மண்ணைத் தள்ளினார். "ஏழெட்டு வருஷம் ஆகும்லா. இருந்துதான் பறிக்கணும்."

என் கப்பல் போயே போய்விட்டது. ஓவென்று அழுதேன். திரும்பிப் பார்த்தால், கதவோரம் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். பாவம், அவளுக்கும் கப்பல் ஏறுகிற ஆசை எவ்வளவு இருந்திருக்கும் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதம்மா," என்றேன். "காய் பறிச்சதும் கண்டிப்பா போயிடலாம்."