கஸ்தூரி அத்தை கேட்ட ஆக்ஸில்

கஸ்தூரி அத்தை இறந்த செய்தி வந்தபோது பள்ளியில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தவர் போய்விட்டார் என்று மிஸ் வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. இனி அந்த விஷயம் தெரிந்தவர்கள் அப்பாவும் நானும் மட்டும்தான் என்று முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இந்தப் படத்திறப்பில் வாசிக்க நாலு வரி எழுதச் சொன்னது அப்பாதான். "கடலைத் தாயாக நினைத்தவர்" என்று எழுதிக் காட்டினேன். தலையாட்டினார். இது அந்த நாலு வரி இல்லை. இதை அவர் தூங்கிய பிறகு, பயந்துகொண்டே எழுதினேன்.

அப்பாவின் பிக்கப்பில் லாரி என்ஜினை ஏற்றியது நம் குப்பத்துப் படகுகளை மணலில் இழுத்து மேலேற்றத்தான். ஓட்டியது அவர் தங்கை, கஸ்தூரி அத்தை. என்ஜின் பெரிதானதால், பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சான ஆக்ஸிலும் மாற வேண்டும் என்று இருவரும் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனார்கள். லீவு நாள், நானும் போனேன். கடையில் இரண்டு கிடந்தன. ஒன்று இதே மாதிரி பிக்கப்பில் கழற்றியது. போல்ட் ஓட்டை அப்படியே பொருந்தும். மற்றது லாரியுடையது, அகலம் அதிகம், வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும், அதுவரை வண்டி நிற்கும்.

அத்தை சின்னதைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, என் மணிக்கட்டு அளவுகூட இல்ல" என்றார்.

"இது போதும்மா. நாளைக்கே மாட்டிரலாம்."

"ரோட்டுக்குப் போதும். மணல்ல சக்கரம் பூந்து நின்னா, அந்த என்ஜின் பலம் பூரா எங்க போவும்? இதும் மேலதான் வரும். முறிச்சிப் போட்ரும். லாரியோடத வாங்குண்ணே."

"வண்டி யாரு பேர்ல கீது? நீ ஓட்டு, அது போதும்."

அத்தை என் பக்கம் திரும்பினார். "உங்கப்பன் கல்யாணத்துக்குச் செருப்பே சைஸ் பாக்காம வாங்கினவரு. மணவறையில நொண்டிக்கினுதான் ஏறுனாரு." அப்பாகூடச் சிரித்துவிட்டார். ஆனால் சின்னதுதான் வந்தது.

அதன்பின் அத்தை ஒவ்வொரு படகுக்கும் சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்ததைப் பார்த்திருப்பீர்கள். பொம்பளை, பயந்து ஓட்டுகிறாள் என்று எல்லோரும் சிரித்தீர்கள். காரணம் தெரிந்த நானும் சேர்ந்து சிரித்தேன்.

புயல் எச்சரிக்கை வந்த அன்று பலகை போட நேரமில்லை. மணி மாமாவின் படகை இழுக்கும்போது வண்டியின் பின்னால் படார் என்றது. என்ஜின் உறுமியது, சக்கரம் அசையவில்லை. படகைக் கடல் இழுத்துக்கொண்டது.

"கிளட்ச்ச மிதிக்கத் தெரியாதவளுக்கு இன்னாத்துக்குய்யா ஸ்டீரிங்கு!" என்று மணி மாமா கத்தினார். அப்பா மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை சாவியை அவர் கையில் வைத்துவிட்டு நடந்தார். பிறகு அந்த வண்டியில் அவர் ஏறவே இல்லை.

"ஏன் அத்தை சொல்லல?" என்று கேட்டேன்.

"உங்கப்பன் மூஞ்சியப் பாத்தியா? படகு போனது மணிக்கு, முழுகிப்போன மாரி நின்னது இவரு. அவரே சொல்லுவாரு, வுடு."

அப்பா சொல்லவில்லை. ஆனால் வண்டியைப் பழுது பார்த்தபோது, சத்தமில்லாமல் லாரி ஆக்ஸிலையே வாங்கிப் போட்டார். நானும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தை, "இன்னாடி, மணி இன்னும் என்னத் திட்டிக்கினுதான் கீறானா?" என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன். நம்பியதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தை மகள் வள்ளி அக்கா லைசென்ஸ் எடுத்துவிட்டார். இன்று இந்தப் படத்திறப்பு முடிந்ததும், வண்டியை அவர் ஓட்டலாமா என்று பேசப் போகிறீர்கள். "அம்மா ஒடச்ச வண்டி, பொண்ணு கைல வாணாம்" என்ற பேச்சு என் காதிலும் விழுந்தது. அதனால் சொல்கிறேன். அந்த ஆக்ஸிலை வாங்கியது என் அப்பா. தாங்காது என்று அத்தை சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அண்ணன் தானாகவே சொல்லிவிடுவார் என்று அத்தை கடைசிவரை நம்பினார். அத்தையிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த நம்பிக்கையைத்தான். அப்பா, நான் முந்திக்கொண்டேன். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், முடிந்ததும் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்.